சுரண்டிய கப்பல், சுத்தமான சான்றிதழ்

கடலுக்கு இதுவரை வாய்த்த காவலர்களில் தலைசிறந்தவர்கள் யார் என்று கேட்டால், துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடியிலுள்ள 'அந்நிய உயிரின அபாய மேலாண்மைப் பிரிவு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அங்கே வேலையும் அப்படித்தான் நடக்கிறது.

அன்று தூரதேசத்துக் கப்பலின் அடியில் மூழ்கிப் பார்த்த முங்குநீச்சல்காரர், கைநிறைய மட்டியை அள்ளிவந்து அப்பிரிவின் ஆய்வாளர் மேசையில் கொட்டிவிட்டார்.

"அடிப்பக்கம் பூரா அப்பிக் கிடக்கு சார். நம்ம கடல்ல இந்த ஜாதி மட்டிய நான் பாத்ததே இல்ல."

ஆய்வாளரின் மச்சினன், பக்கத்து உப்பங்கழியில் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கிறவன். இந்த மட்டி அங்கே குடியேறினால் சிப்பிக்கு இடமிருக்காது; அவன் பிழைப்பில் மண்தான். ஆகவே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

மூன்று மணிநேர விவாதத்துக்குப் பின் இயக்குநர் திருவாய் மலர்ந்தார். "அபாயம் எங்கய்யா இருக்கு?"

"கப்பல்ல சார்."

"அப்ப கப்பல்லேருந்து எடுத்துடுங்க."

எப்பேர்ப்பட்ட மூளை! நீச்சல்காரருக்கு அந்த அளவு இல்லை. "எடுத்தத எங்க சார் போடுறது?" என்று கேட்டுவிட்டார்.

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லப்பா" என்றார் இயக்குநர்.

ஆய்வாளர் வாயைத் திறந்தார். பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த வாரம் வருவது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

மறுநாள் கப்பலை நின்ற இடத்திலேயே சுரண்டினார்கள். சுரண்டியதெல்லாம் அங்கேயே தண்ணீருக்குள் உதிர்ந்தது. 'அபாயம்: இல்லை' என்ற சான்றிதழோடு கப்பல் பளபளவென்று கிளம்ப, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனதாக அலுவலகமே மூச்சுவிட்டது. ஆய்வாளர் துணை இயக்குநரானார்.

பத்தே மாதத்தில் மச்சினனின் கயிறுகளில் அந்நிய மட்டி காய்த்துத் தொங்கியது. சிப்பி ஒன்றுகூடத் தேறவில்லை.

பிரிவு மறுபடி கூடி, விஞ்ஞான முறைப்படி யோசித்தது. கப்பல் சுத்தம், சான்றிதழ் இருக்கிறது. மட்டி இருப்பதோ கயிற்றில். எனவே அபாயத்தின் பிறப்பிடம் கயிறு. கயிறுகளை அகற்ற ஆணையிட்ட நோட்டீசை, உறவினர் என்ற உரிமையில், துணை இயக்குநரே நேரில் கொண்டுபோனார்.

மச்சினன் நிதானமாகப் படித்தான்.

"அப்ப இந்தச் சனியனக் கொண்டாந்தது நானா, அத்தான்?"

"எழுத்துப்படி அப்படித்தான்டா. மனசுல வச்சுக்காத."

அவன் கடைசிப் பத்தியை விரலால் தொட்டு உரக்க வாசித்தான்: "'அகற்றும்போது ஒரு மட்டிகூட நீரில் விழலாகாது. விழவிடுவது தண்டனைக்குரிய குற்றம்.'"

பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"இது குற்றம்னு உங்களுக்கு எப்பலேருந்து தெரியும், அத்தான்?"