நம்பர் ஒன் மண்கட்டு

சிகாமட்,
பிரஜோற்பத்தி வருஷம், மார்கழி 25.

மூவாரில் மேஜை நாற்காலிப் பட்டறை நடத்தும் மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ மைத்துனர் சபாபதி அவர்கள் சமூகத்துக்கு, ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி ஐயாசாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் க்ஷேமம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அனைவரும் என்பதற்கு வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். க்ஷேமம் என்பதற்கு முழங்கால் உயரம் சேறு இருக்கிறது. ஆகையால் அவ்விடத்து க்ஷேமத்தை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன். தங்கள் தங்கை தனலெட்சுமி போன திங்கட்கிழமை மோட்டார் பஸ்ஸில் தங்களிடம் வந்து சேர்ந்திருப்பாள். நடந்ததை அவள் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதெல்லாம் நிஜம். நான் சொன்னால் கொஞ்சம் நீளமாக வரும், அவ்வளவுதான்.

தங்களுக்கே தெரியும், போன ஆனி மாதம் என்ஜினியர் துரை, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே ஓடையை மறித்து ஒரு மண்கட்டு போட்டார். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, ஒரு குழாய் வழியாக மெதுவாக விடுகிற கட்டு. அது பலமாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை எழுதி அனுப்ப வேண்டும் என்று ஒரு புத்தகமும் கொடுத்தார். கட்டின் மேல் நடந்து பார்ப்பது செல்லப்பன். தோட்டத்தில் காடு வெட்டுகிற வேலைக்காரன், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. அவன் சொல்வதைக் கேட்டு எழுதுவது நான். புத்தகத்தில் ‘தரம்’ என்று ஒரு கட்டம், அதில் 1, 2, 3 இவற்றில் ஒன்றைப் போட வேண்டும். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அட்டையின் உட்பக்கத்தில் இங்கிலீஷில் அச்சடித்திருந்ததாம். முதல் தாள் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது, நான் பிரித்துப் பார்க்கவில்லை. எதற்குப் பிரிக்க வேண்டும் மச்சான்? பதினெட்டு வருஷமாக ரப்பர் ஷீட்டைத் தரம் பிரிக்கிறவன் நான். குமிழி இல்லாமல் தேன் நிறத்தில் இருந்தால் நம்பர் ஒன், பூசணம் பிடித்திருந்தால் நம்பர் திரீ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆகவே கட்டு நன்றாக இருக்கிறது என்று செல்லப்பன் சொன்னதும் அழகாக ‘1’ என்று போட்டு அனுப்பினேன்.

இரண்டாம் நாளே துரை இருபது ஆட்களை மண்வெட்டியோடு அனுப்பினார். கட்டு முழுக்கப் புல்பத்தை பதித்துவிட்டுப் போனார்கள். நல்ல கட்டுக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்து அடுத்த வாரமும் ‘1’ போட்டேன். துரையே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். கட்டின் மேல் நடந்தார், கீழே இறங்கினார், புல்லில் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைத்துக் கேட்டார். எழுந்து வந்து, “ஷூர்? நம்பர் ஒன்?” என்றார். “ஷூர் சார். ஆல்வேஸ் நம்பர் ஒன்” என்றேன். துரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தம் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று முணுமுணுத்தார். அடக்கமான மனிதர் என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த ‘1’-க்குக் குழாயைப் பிடுங்கி வேறு குழாய் போட்டார்கள். அதற்கடுத்த ‘1’-க்குக் கட்டை ஓர் அடி உயர்த்தினார்கள். ஐந்து மாதம் இப்படியே போயிற்று. ‘ஜொகூரிலேயே இப்படி ஒரு கட்டு கிடையாது, என் கையால் நம்பர் ஒன் வாங்கிய கட்டு’ என்று தீபாவளிக்குத் தங்களுக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தை எங்கேயாவது வைத்திருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

மார்கழி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை செல்லப்பன் நனைந்துகொண்டே ஓடி வந்தான். “கிராணி ஐயா, கட்டுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டையில தண்ணி வருதுங்க. தெளிஞ்சு வந்தா பரவால்ல. கலங்கலா வருது. உள்ள மண்ணு கரையுதுங்க” என்றான். என் கட்டுக்கு மூன்றா என்று மனசு அடித்துக்கொண்டாலும், மனிதர் உயிர் சம்பந்தப்பட்டது என்று ‘3’ போட்டு, அதன்கீழ் இரண்டு கோடும் இழுத்து ஆள் மூலம் அனுப்பினேன். திங்கட்கிழமை துரையிடமிருந்து சீட்டு வந்தது. ‘ஒரு வழியாக! மிக்க மகிழ்ச்சி’ என்று எழுதியிருந்தார். கட்டு வேலைக்கு நின்ற ஆட்களையெல்லாம் குளுவாங் பக்கம் அனுப்பிவிட்டுக் கிறிஸ்துமஸுக்குச் சிங்கப்பூர் போய்விட்டார். மச்சான், அப்போதாவது பெரிய ஆபீஸுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் ஐயாசாமிக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று சிரிப்பார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது காது இரண்டும் எரிகிறது.

வியாழக்கிழமை மத்தியானம் கட்டு உடைந்தது. ஆள்சேதம் இல்லை. அதற்குக் காரணம் நானல்ல. விடிந்ததிலிருந்து கட்டைவிட்டு நகராமல் நின்ற செல்லப்பன்தான், ரப்பர் பால் வாளியைத் தட்டிக்கொண்டே லயம் லயமாக ஓடி எல்லாரையும் மேட்டுக்குத் துரத்தினான். ஆடு கோழி போயிற்று, ஸ்டோர் அரிசி ஊறிப் பொங்கிற்று, எங்கள் வீட்டில் தனலெட்சுமி ஊறுகாய் ஜாடியைக் கட்டிக்கொண்டு மேஜைமேல் ஏறி நின்றாள். தாங்கள் செய்து கொடுத்த மேஜை, கொஞ்சமும் ஆடவில்லை. இரண்டு நாள் கழித்து வெயில் வந்ததும் புத்தகத்தைக் காயப் போட்டேன். ஊறின பசை விட்டு, முதல் தாள் தானாகப் பிரிந்துகொண்டது. அட்டையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தேன். ‘1: அபாயம், உடனே பழுது பார்க்கவும். 2: கவனித்து வரவும். 3: பலமாக உள்ளது.’ பக்கத்தில் தனலெட்சுமி நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பசை எடுத்து வந்து அந்தத் தாளைப் பழையபடி ஒட்டினேன்.

துரை வந்து விசாரணை வைத்தார். “பலமாக இருக்கிறது என்று எழுதின கட்டு எப்படி உடைந்தது? யார் பார்த்தது?” என்றார். “செல்லப்பன்தான் பார்த்தான் சார்” என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. துரை பேசியது செல்லப்பனுக்கு விளங்கவில்லை. கைகட்டி, “தப்புன்னா மன்னிச்சுக்குங்க தொரை” என்றான். அவனுக்குப் பேர் வெட்டி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ரப்பர் விலை விழுந்து கிடக்கிற இந்த நேரத்தில் வேறு தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு தை மாதக் கப்பலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்புகிறார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் தனலெட்சுமி, “ஒட்டத் தெரிஞ்ச கைக்கு நாலு வரி எழுதத் தெரியலையா?” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகையால் மச்சான், தங்களிடம் மூன்று உபகாரம் கேட்கிறேன். ‘ஐயாசாமி எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டான்’ என்று தாங்களே ஒரு வார்த்தை சொல்லித் தங்கையை அனுப்பி வையுங்கள். எனக்குத் தங்கள் பட்டறையில் ஒரு மூலை வேலை கொடுங்கள். பலகை தரம் பிரிக்கிற வேலை மட்டும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். செல்லப்பன் வாலிபன், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் பட்டறைக்கும் குடும்பத்துக்கும் முருகன் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். வரப்போகும் பொங்கல் தங்கள் வீட்டில் நிறைவாகப் பொங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத மைத்துனன்,
ஐயாசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது செல்லப்பன் வந்தான். எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று என்னிடமே மனு எழுதிக்கொள்ள வந்திருக்கிறான். “தண்ணி கலங்கலா வந்திச்சுன்னு சொன்னேன்ல ஐயா. தொரையே நல்ல கட்டுன்னு சொல்றாராம், நீங்களும் படிச்சவங்க. எங் கண்ணுலதான் கோளாறு. தெளிஞ்ச தண்ணிய நான்தான் தப்பாப் பார்த்துட்டேன், வெட்டுன பேரை மட்டும் திரும்பச் சேத்துக்குங்கன்னு எழுதிக் குடுங்க” என்றான். எழுதினேன் மச்சான். அவன் சொன்னதை எழுதவில்லை. மேலே தங்களுக்கு எழுதினதையெல்லாம் துரைக்கு இங்கிலீஷில் எழுதி, ஒட்டின தாளைக் கிழித்து, அட்டையோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுப் பெரிய ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன். இனி இங்கே எனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ தெரியாது. தாங்கள் எனக்காக ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், கடிதத்தை எரிக்கவும் வேண்டாம். தனலெட்சுமியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். செல்லப்பனுக்கு மனுவைத் தமிழில் சொன்னேன். என்னை அடிப்பான் என்றுதான் நின்றேன். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. “அப்ப கலங்கலாத்தான் வந்திச்சா ஐயா?” என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். சேற்றில் விழுந்தடித்து வெளியே ஓடி, லயத்துப் பக்கம் திரும்பிப் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, “ஏ புள்ள, எங் கண்ணு நல்லாத்தான் இருக்கு!” என்று கத்தினான்.