மாடு தின்ற மானியம்

சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பும் ஆட்களை நம்பி வீட்டை விட்டுப் போகாதீர்கள். நான் அந்த ரகம். என்னை நம்பி நாவலப்பிட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் அப்பா.

பேராதனையிலிருந்து லீவுக்கு ஹேவாஹெட்ட வந்திருந்தேன். எங்கள் துண்டுக் காணியில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட அப்பா அரசாங்க மானியம் எடுத்திருந்தார். அடுத்த தவணை வந்தால்தான் கன்று வாங்க முடியும். அவர் மறந்து வைத்துவிட்டுப் போன போன் அடித்தது. தேயிலை ஆபீஸ். நாளைக் காலை காணி பார்க்க வருகிறார்களாம். ("நான் பாத்துக்கிறேன் சேர்!" என்றேன். பார்த்துக்கொண்டேன்.)

உடனே போய்க் காணியை எட்டிப் பார்த்தேன். தேயிலை இருந்த இடமெல்லாம் குவாத்தமாலாப் புல், என்னைவிட உயரமாக. ஒரு அதிகாரிக்குக் காட்டக்கூடிய காணியா இது? புல் வெட்டும் மெஷினோடு ஒரு அண்ணனைப் பிடித்தேன். வெட்டியதையெல்லாம் பக்கத்து வீட்டு முத்து மாமா தன் மாடுகளுக்கு அள்ளிக்கொண்டு போனார். பொழுது சாயும்போது காணி மொட்டையடித்த தலைபோலப் பளபளத்தது. அப்பா அசந்துபோவார் என்று நினைத்தேன். அதில் தப்பில்லை.

மறுநாள் அப்பா வந்து இறங்கியதே அந்த அதிகாரியின் மோட்டார் சைக்கிளில்தான். சந்தியில் பார்த்து ஏற்றிக்கொண்டாராம். வளைவுக்கு அப்பாலேயே அப்பாவின் குரல் கேட்டது.

"ஆள் உயரத்துக்கு நிக்குது சேர்! உள்ள போனா நம்மளத் தேட ஆளு அனுப்பணும்!"

வண்டி வளைவில் திரும்பியது. குரல் நின்றது.

"நங்கி, புல் எங்க?" என்றார் அதிகாரி. (சிங்களவர், அழகாகத் தமிழ் பேசினார். தங்கச்சி என்று கூப்பிட்டதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.)

"ஒன்னு விடாம வெட்டிட்டேன் சேர்!"

"அந்தப் புல்லுக்குத்தானே இந்தத் தவணை?"

அப்பா தலையில் கை வைத்தார். "மண்ணு களைச்சிப் போயிருக்கும்மா. தேயிலை அம்புட்டு வருஷம் உறிஞ்சிருக்கு. புல்ல வளத்து, வெட்டி, அங்கனயே மக்க விட்டாத்தான் தெம்பு வரும். அதுக்குத்தான் காசே!"

வெட்கத்தையும் தாண்டி எனக்குப் பிரமிப்பு. மண்ணுக்கு மெடிக்கல் லீவு! அதுவும் சம்பளத்தோடு! எனக்குக் காய்ச்சல் என்றால் நம்பாத உலகத்தில், ஒரு மலைச்சரிவின் களைப்பை யாரோ நம்பியிருக்கிறார்கள்.

கடைசி முயற்சியாக அப்பா அதிகாரியை முத்து மாமாவின் மாட்டுக்கொட்டிலுக்கே அழைத்துப் போனார். "புல்லு இருக்கு சேர். கொஞ்சம் உள்ள போயிருச்சு, அவ்வளவுதான்."

மாடுகள் எங்களைப் பார்த்தபடி நிதானமாக அசைபோட்டன.

"மாட்டுக்கு மானியம் குடுக்கிறது வேற ஆபீஸ்," என்றார் அதிகாரி. சிரிக்காமல் சொல்ல அவர் பட்ட பாடு! "திரும்ப வளரட்டும். வந்து பாக்கிறேன்."

லீவு முடியும்வரை தினமும், பிறகு வார இறுதிகளில் வந்தும், காணியில் போய் நின்றேன். மழை பெய்தது. காய்ந்து கிடந்த அடிக்கட்டைகளிலிருந்து பச்சை ஊசிகள் கிளம்பின. பிறகு முழங்கால், இடுப்பு, தோள். ஒருநாள் உள்ளே நின்று அண்ணாந்தேன்; வானம் கீறல் கீறலாகத்தான் தெரிந்தது. காலடியில் மண் ஈரமாக, மெத்தென்று இருந்தது. தூங்குகிறவரை எழுப்பிவிடுவேனோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

தவணை பிந்தி வந்தது. கன்றும் பிந்தித்தான் நட்டோம். முத்து மாமாவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. இன்றைக்கும் காலையில் அரைப் போத்தல் பாலோடு வாசலில் நின்று கத்துவார்: "மானியம் வந்திருக்கு!" காசு வாங்க மாட்டார்.

அப்பா பால் தேத்தண்ணியை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு என்னைப் பார்ப்பார்.

"அரசாங்கத்தோடத விட இது ஒழுங்கா வருது."