கூட விழுந்த புருஷன் யார்?

அனுப்புநர்:
மு. ராக்கப்பன்,
நடத்துநர் (ஓய்வு),
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
திருமதி ரா. நாகலெட்சுமி,
மகள் வீடு, டொராண்டோ, கனடா.

பொருள்: தாங்கள் மேலும் ஆறு மாதம் அங்கேயே தங்குவது - சம்மதம் தெரிவித்தல் தொடர்பாக.

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

இங்கு நானும் வெள்ளாடு இரண்டும் கிணற்றடி முருங்கையும் சௌக்கியம். அங்கு நீயும் மாரிச்செல்வியும் மாப்பிள்ளை நாகேந்திரனும் பேத்தியும் குளிரில் விறைக்காமல் இருக்க ராமநாதசாமி துணை நிற்கட்டும். முப்பத்தொரு வருடம் டிப்போ மெமோவுக்குப் பதில் எழுதிய கை இது. பெண்டாட்டிக்கு எழுத உட்கார்ந்தாலும் அனுப்புநர், பெறுநர் என்றுதான் ஓடுகிறது, கோபித்துக்கொள்ளாதே. கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதமும் இதுதான். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் போட்டால் மாரிச்செல்வி அதை ஸ்பீக்கரில் வைத்துச் சாப்பாட்டு மேசைக்கு நடுவில் நிறுத்திவிடுகிறாள். நான் ஒரு ‘என்ன’ கேட்டால் நான்கு ‘என்ன’ திரும்பி வருகிறது. அதில் புருஷன் பெண்டாட்டியிடம் என்னத்தைப் பேசுவது? ஏர்வாடி அப்துல் ஹமீது பாய் மகன் அம்மார் திங்கட்கிழமை உங்கள் ஊருக்குத் திரும்புகிறான். வத்தல் மிளகாய்ப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். கருவாட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

போன வாரம் மாரிச்செல்வி கேட்டாள். “அய்யா, அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமா? நீங்க சரின்னு சொன்னாத்தான் மனுப் போடணும்னு அம்மா சொல்லுது.” இருபதாம் தேதிக்குள் மனுப் போட வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். எனக்குப் பூரண சம்மதம். நான் ஒன்றும் சின்னப்பிள்ளை இல்லை. சமையல் பிரமாதமாகப் போகிறது. அரிசி மட்டும் கை மறதியாக இரண்டு பேருக்குப் போட்டுவிடுகிறேன், மிச்சத்தை ஆடுகள் தின்கின்றன. இரண்டும் நன்றாகக் கொழுத்துவிட்டன, வந்தால் உனக்கு அடையாளம் தெரியாது.

ஆனால் சம்மதத்துக்கு முன்னால் ஒரு புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். உன் இங்கிலீஷ் சம்பந்தமானது. அங்கே லைப்ரரியில் வெளியூர்ப் பெரியவர்களுக்கு இனாமாக இங்கிலீஷ் பேசச் சொல்லித் தருகிறார்கள் என்பதும், நீ அதில் சேர்ந்திருக்கிறாய் என்பதும், படித்த பாடத்தை வைத்து வகுப்புக்கு ஒரு வரி சொந்தக்காரர் ஒருவருக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும் என்று வாத்தியாரம்மா உத்தரவு போட்டிருக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தச் சொந்தக்காரனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டு போனைப் பார்க்கிறேன், ‘வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்’ என்று உன்னிடமிருந்து வந்திருக்கிறது. எட்டாவது படித்த பெண்டாட்டி இங்கிலீஷில் எழுதினால் பத்தாவது படித்த புருஷன் விட்டுக்கொடுக்க முடியுமா? ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அகராதியை எடுத்தேன். ரேன் என்றால் ஓடினோம். அவுட் என்றால் வெளியே. மில்க் பால். ஆக, பால் பொங்கி அடுப்பு தீப்பிடித்து, வீட்டோடு வெளியே ஓடியிருக்கிறீர்கள். பல் துலக்கிய வாயோடு போன் போட்டு, பேத்தி எங்கே, பேத்தி எங்கே என்று நான் கத்த, மாரிச்செல்வி திகைத்துப்போய், “பால் தீந்து போச்சுய்யா, அம்புட்டுத்தான்” என்றாள். மேற்கொண்டு சொல்வதற்குள் பேத்தி போனைப் பிடுங்கி அணைத்துவிட்டது. சரி, இனிமேல் வீட்டு நடப்பை எல்லாம் நீ இங்கிலீஷில்தான் தெரிவிப்பாய் போலிருக்கிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து, ‘மை சன் இன் லா பாஸ்டு அவுட்’ என்று வந்தது. இதற்கு எனக்கு அகராதியே வேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்தில் காலேஜ் முடித்த அத்தனை பேரும் நான் இந்த வருசம் பாஸ்டு அவுட், அந்த வருசம் பாஸ்டு அவுட் என்றுதானே சொல்கிறார்கள்? மாப்பிள்ளை ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறார் என்று நீயும் சொல்லியிருந்தாய். பெருமை தாங்கவில்லை. உடனே பரமக்குடிக்குப் போன் போட்டுச் சம்பந்தியம்மா சோலையம்மாளிடம், உங்க மகன் பாஸ் பண்ணிட்டாரு என்று சொல்லிவிட்டேன். அவர் தறிக்காரத் தெரு முழுவதும் லட்டுக் கொடுத்துவிட்டார். மத்தியானம் பஸ்ஸில் மண்டபம் இலங்கை அகதிகள் கேம்ப் சண்முகலிங்கம் மாஸ்டரைப் பார்த்தேன். அங்கே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறவர். அவரிடமும் பெருமையைச் சொன்னேன். அவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக, “அண்ணை, இது மயங்கி விழுந்திட்டார் எண்டெல்லோ கிடக்கு” என்றார். பதறிப்போய் பஸ்ஸிலிருந்தே சம்பந்தியம்மாவுக்கு மறுபடி போன் போட்டு, பரீட்சை இல்லையாம், மாப்பிள்ளை மயங்கி விழுந்துட்டாராம் என்றேன். அதைக் கேட்டதும் சம்பந்தியம்மா நிசமாகவே பாஸ்டு அவுட் ஆகிவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பி, மகனோடு பேசவைத்து, மாப்பிள்ளை குத்துக்கல் மாதிரி இருக்கிறார் என்று தெரிந்தபிறகு, சம்பந்தியம்மா என் போனை எடுப்பதில்லை. நடந்தது என்ன என்று எனக்குச் சொல்வாரும் இல்லை.

மூன்றாவதுதான் என்னை ஆளையே சாய்த்துவிட்டது. ‘ஐ ஃபெல் அவுட் வித் மை ஹஸ்பண்ட்.’ அகராதிப்படி, நான் என் புருஷனோடு வெளியே விழுந்தேன். விழுந்த கதை எனக்கா தெரியாது? புட்போர்டில் தொங்கி விழுந்தவர்களில் எத்தனை பேரைத் தூக்கிவிட்டிருக்கிறேன். நீ விழுந்தாய், அடி பட்டதோ என்னமோ என்று முதலில் பதறினேன். பிறகுதான் உறைத்தது. விழுந்தது நீ. நான் உச்சிப்புளியில் இருக்கிறேன். அப்படியென்றால் கூட விழுந்த புருஷன் யார்? இரண்டு நாள் இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. டீக்கடை நாற்காலியில்கூட உட்காரவில்லை, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். மூன்றாம் நாள் வரியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, தெரிந்தவர் ஒருவருக்கு வந்தது என்று பொய் சொல்லி மாஸ்டரிடம் நீட்டினேன். அவர் என் முகத்தையும் சீட்டையும் பார்த்துவிட்டு, “ஒருத்தரும் விழேல்லை அண்ணை. புருசனோடை கோவம் எண்டு அர்த்தம்” என்றார்.

புருஷன் ஒருத்தன்தான் என்பதில் முதலில் நிம்மதி. அடுத்த நிமிசமே, எந்தக் கோபம் என்று மனசு குடைய ஆரம்பித்துவிட்டது. கோபத்துக்கா பஞ்சம்? ஆனால் எனக்குத் தெரியும். மதுரை ஏர்போர்ட்டில் நீ பெட்டியைப் பிடித்துக்கொண்டு, “போய்ட்டு வாரேன்” என்றாய். நான், “வந்தா வா, வராட்டி அங்கனயே இருந்துக்க” என்றேன். அதை நான் வேண்டுமென்று சொல்லவில்லை. சுற்றிலும் ஆட்கள், முப்பத்தொரு வருடம் கூட்டத்தை அதட்டிய வாய் அதட்டிவிட்டது. நீ பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனில் திக்கித் திணறி விழுந்த விசயத்தைக் கேட்டதும்தான், அது பாடம்ய்யா, வீட்டுப்பாடம் என்று மாரிச்செல்வி சொல்லிச் சிரித்தாள். மாப்பிள்ளை சிரித்தார், பேத்தி சிரித்தது, நீயும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது அமுங்கிக் கேட்டது. நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருந்தது.

இதனால் நான் இங்கிலீஷை வெறுத்துவிட்டேன் என்று நினைக்காதே. மாஸ்டர் எனக்கு ஒரு ரகசியம் சொன்னார். இந்த இங்கிலீஷ்காரர்கள் ‘கெட்’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கெட் ஆன், கெட் ஆஃப், கெட் அப், கெட் பேக் என்று வாலை மட்டும் மாற்றி மாற்றிப் பிழைப்பை ஓட்டுகிறார்களாம். ஏறு, இறங்கு, எழுந்திரு, தள்ளி நில்லு. அட, இதைத்தானே நான் பாம்பன் பாலத்துக்கு மேலே முப்பத்தொரு வருடம் கத்தினேன்! இப்போதும் ஓய்வுக்காரர் பாஸை வைத்துக்கொண்டு தினம் ராமேஸ்வரம் வரை போய்த் திரும்புகிறேன், காற்றுக்காக. தூக்கமில்லாத டிரைவர்களுக்கும் பேச்சுத் துணை. முந்தாநாள் வாய் சும்மா இராமல், “உள்ள போங்க, உள்ள போங்க” என்று சொல்லிவிட்டேன். புதுக் கண்டக்டர் பக்கத்தில் வந்து, “அண்ணே, நீங்க உக்காருங்க” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பஸ்ஸில் பாதிக்குமேல் காலி, உள்ளே போகச் சொல்ல ஆளே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

இன்னொரு புகாரும் உண்டு. நீ வகுப்புக்கு மட்டம் போடுகிறாய். இடையில் பத்து நாளுக்கு மேல் ஒரு வரியும் இல்லை. போன வியாழக்கிழமை ஒன்று வந்தது. அதன் பிறகு மறுபடி இல்லை. அங்கே வாத்தியாரம்மா வருகைப் பதிவேடு எடுப்பதில்லையா? அந்த வியாழக்கிழமை வரி, ‘ஐ கேனாட் டூ விதவுட் யூ.’ நானே அகராதி பார்த்துப் பிரித்தேன். நீ இல்லாமல் என்னால் செய்ய முடியாது. சரி, எதைச் செய்ய முடியாது என்று போடவே இல்லையே? சமையலையா, துணி துவைப்பதையா? வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது. அதனால்தான் கட்டைவிரல் படம் போட்டு, ‘நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, முடிவைக் காணோம், இரண்டு மார்க் குறைப்பு’ என்று பதில் அனுப்பினேன். அதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. மார்க் குறைத்ததற்குக் கோபமா? வேண்டுமானால் நூறாகவே வைத்துக்கொள்.

ஆகவே மேற்படி ஆறு மாதத்துக்கு எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. மனுவைப் போடச் சொல். நிதானமாக இரு, படி, பேத்தியைப் பார்த்துக்கொள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல். மாரிச்செல்விக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். ஆயுசும் ஆரோக்கியமுமாக எல்லோரும் நிறைந்திருங்கள்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்,
மு. ராக்கப்பன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மாரிச்செல்வி போன் பண்ணினாள். அம்மா ஏன் மட்டம் போடுகிறாள் என்று கேட்டேன். “மட்டமா? லைப்ரரியில மராமத்து வேலைய்யா. வகுப்பு நின்னு மூணு வாரமாச்சு. வீட்டுப்பாடமெல்லாம் கிடையாது” என்றாள். மூன்று வாரமாக வகுப்பே இல்லையென்றால் வியாழக்கிழமை வந்தது என்ன? ஸ்பீக்கரில் எல்லோரும் இருந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டருக்குப் போன் போட்டு வரியைப் படித்துக் காட்டி, இதில் முடிவு விட்டுப்போயிருக்கிறதே மாஸ்டர் என்றேன். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, “அதிலை ஒண்டும் விடுபடேல்லை அண்ணை. நீ இல்லாமல் எனக்கு ஏலாது எண்டு அர்த்தம். வசனம் அவ்வளவுதான்” என்றார்.

நாகு, அதற்குப் போய் மார்க் போட்டிருக்கிறேன். முப்பத்தாறு வருடத்தில் நீயும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. நீ இங்கிலீஷைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறாய், நான் கட்டைவிரலைக் காட்டியிருக்கிறேன். மேலே எழுதியதில் ஒன்றையும் நம்பாதே. சமையல் பிரமாதம் இல்லை. காற்றுக்காகப் போகவில்லை, வீட்டில் பேச ஆள் இல்லையென்று போகிறேன். மனுப் போட வேண்டாம், டிக்கெட் போடச் சொல். எனக்கும் நீ இல்லாமல் ஏலவில்லை. இதை இங்கிலீஷில் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் இது பாடம் இல்லை.