அரைக்கண்ணும் என் டவுன்லோடு ஸ்கிரிப்டும்

தூங்கிக்கொண்டே கம்ப்யூட்டரைச் சரிசெய்யத் தெரிந்த மனிதர் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் நாமக்கல் ஆபீசில், ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். இமைகள் எந்நேரமும் பாதி மூடியே இருந்ததால் பெயர் அரைக்கண். சம்பளப் பட்டியலிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிரிண்டர் மக்கர் செய்தால், பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்தபடியே கண்ணயர்வார். பாறைமேல் ஒரு மேகம் மெல்ல ஊர்ந்து போகும். அது கடப்பதற்குள் பிரிண்டருக்கே பொறுமை போய்க் காகிதத்தைத் தள்ளிவிடும்.

நான் பதினான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு நாற்பது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். திருச்செங்கோட்டு ரிக் கம்பெனி ஒன்றின் போர்வெல் லாரிகள் எங்கே எத்தனை அடி துளை போட்டன என்ற ரிப்போர்ட்டுகள், அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து சேரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றை இங்கே இறக்கும் ஸ்கிரிப்டை எழுதுவதுதான் என் முதல் வேலை. எழுதிய நாளிலிருந்து எரர்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இணைப்பு இல்லை என்றது. புதன் பன்னிரண்டுக்குப் படுத்தது. வியாழன் ஒன்றரைக்கு. ஒன்றரை மணி நேரம் முரண்டு பிடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், அழுதும் பார்த்தேன். முதலாளி வந்து நின்றார்.

"நாளைக்குள்ள சரியாகலீன்னா வேற ஆளப் பாத்துக்கறனுங்க. தப்பா நெனைக்காதீங்க."

அன்று வெள்ளிக்கிழமை. திரும்பவும் வீட்டோடு முடங்கிவிடுவேனோ என்று பயந்தேன். பத்தரைக்கு மறுபடி எரர். எரர் வந்த நாள், நேரப் பட்டியலை அச்செடுத்து அரைக்கண்ணிடம் கொடுத்தேன். அவர் அதை மேஜையில் விரித்து, அதன்மேலேயே கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டார்.

"தம்பி, எம்பொழப்பே போவுது, தூங்கறீங்களே!"

"படிச்சுட்டிருக்கறனுங்கக்கா."

மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. கீழே முட்டை லாரி ஒன்று யாரையும் எழுப்பிவிடாமல் போவதுபோல் போனது. எனக்கே கண் சொக்கியது.

"அக்கா, அந்தக் காலண்டரக் கொஞ்சம் பாருங்க."

சுவரில் தினசரி காலண்டர். வெள்ளி, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. மற்ற நாட்களின் ராகு காலம் எனக்கு மனப்பாடம். செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை. அட!

உடனே திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டேன். அந்த ஆபீஸ் கிளார்க் எடுத்தார்.

"ஆமாங்க, ராகு காலத்துல நெட் ஒயரக் கழட்டி வெச்சுருவமுங்க. அந்நேரத்துல நாங்க போரே ஆரம்பிக்கறதில்லீங்க. ரிப்போர்ட்டு மட்டும் ஆபீஸ உட்டுக் கெளம்பலாமுங்களா?"

ஸ்கிரிப்டில் ஏழு வரிகள் சேர்த்தேன். இனி தினமும் அந்த ஒன்றரை மணி நேரம் அதுவும் ஓய்வெடுக்கும். சனிக்கிழமை முதலாளி வந்து பார்த்தபோது ஓர் எரர்கூட இல்லை.

"யாருங்க கண்டுபுடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"அக்காதானுங்க. நேத்தெல்லாம் நான் தூங்கிட்டிருந்தனுங்க."

முதலாளி உடனே நம்பினார். வேலை நிலைத்தது. கூடப்பிறந்தவர்கள்கூட எனக்காக அப்படியொரு பொய் சொன்னதில்லை.

நன்றி சொல்லப் போனேன். கண்கள் முழுதாகவே மூடியிருந்தன. எழுப்ப மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தில் வெயில் படாமல் ஜன்னல் திரையை மட்டும் இழுத்துவிட்டு வந்தேன்.