பச்சைநாயகி அக்கா நுனி கிள்ளிய கதை

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, புலியும் இருந்தது. இந்தக் கதையில் அவற்றுக்கு வேலை இல்லை. இது காய்கறி போட்டவர்களின் கதை.

அந்தக் காட்டில் வீட்டுக்கு வீடு தோட்டம் போட்டார்கள். போட்டதைப் படம் எடுத்தார்கள். எடுத்த படத்தைக் காட்ட ஆள் வேண்டுமே என்று போனில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். ‘நம்ம வீடு நம்ம வெண்டை’ என்று அதற்குப் பெயர். ஒருவர் வீட்டில் வெண்டைக்காய் காய்த்தால் நாற்பது பேர் கைதட்டுவார்கள். ஒருவர் வீட்டில் ஒரு இலை பழுத்தால் அதே நாற்பது பேர் வைத்தியம் சொல்வார்கள். இதில் பாதிப் பேர் தண்ணீரைக் கூட்டச் சொல்வார்கள், மீதிப் பேர் குறைக்கச் சொல்வார்கள். குப்புராசு என்ற கீரி மட்டும் எதைக் கேட்டாலும் வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்வான்.

குழுவுக்கு அட்மின் மகுடேசுவரன் என்கிற எருமை. ‘அன்பார்ந்த உறுப்பினர்களே’ என்று அடித்து அனுப்பிவிட்டுக் குளத்தில் போய்ப் படுப்பார். மீதி வாக்கியம் இரண்டு மணி நேரம் கழித்து ஈரத்தோடு வரும். விதிகளில் மட்டும் ஆள் கறார். குழுவில் விளம்பரம் கூடாது என்பது முதல் விதி. ‘பூக்களுக்கு மகரந்தம் மாற்றித் தரப்படும்’ என்று செய்தி போட்ட ஒரு தேனீ அந்த விதியில்தான் வெளியே போனது. தை மாத முதல் ஞாயிறன்று ஒவ்வொருவரும் ஒரு காயையாவது கையில் கொண்டுவந்து நேரில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீக்கம் என்பது இரண்டாவது விதி. படம் செல்லாது. போன வருஷம் நரி ஒரு முட்டைக்கோசு படம் போட்டது. கடை ஸ்டிக்கரை உரிக்க மறந்துவிட்டது.

இந்தக் குழுவில் சேர ஆசைப்பட்டாள் பச்சைநாயகி. அவள் ஒரு வெள்ளாடு. அவள் வம்சத்தில் ஒருவரும் ஒரு தோட்டத்துக்குள்ளும் வாசல் வழியாகப் போனதில்லை. வெளியே வந்ததும் வாசல் வழியாக இல்லை, அதுவும் நடந்து வரவில்லை.

சேருவதற்கு ஒரு படிவம். பெயர், இருப்பிடம், தோட்டத்தின் நீள அகலம் எல்லாம் எழுதிவிட்டாள். ஏழாவது கேள்வியில் மாட்டிக்கொண்டாள். உங்கள் தோட்டத்தில் உள்ள தொல்லை எது? (அ) மாவுப்பூச்சி (ஆ) எலி (இ) ஆடு. அரை மணி நேரம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. கடைசியில் மூன்றுக்கும் டிக் அடித்தாள்.

எருமை ஐயா நாலு நாள் யோசித்தார். ஆட்டைச் சேர்த்துக்கொண்டால் குழுவுக்குப் பரந்த மனசு என்று பெயர் வரும். ஆகவே சேர்த்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. யார் தோட்டத்திலாவது மேய்ந்தது தெரிந்தால் அன்றைக்கே நீக்கம்.

சேர்ந்த அன்று முதல் செய்தி தெய்வானை என்ற முயலிடமிருந்து வந்தது, குரலில். “வாங்கக்கா. எங்கிட்ட அவரை விதை அஞ்சு இருக்கு, தரட்டுமாக்கா?” பச்சைநாயகி அதைப் பதினொரு தடவை போட்டுக் கேட்டாள். அதுவரைக்கும் உலகம் அவளை ‘ஏய்’ என்றும் ‘ச்சூ’ என்றும் ‘எடு அந்தக் கட்டையை’ என்றும்தான் கூப்பிட்டிருந்தது. இந்தக் குழுவை விட்டு மட்டும் போய்விடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தாள்.

ஆடியில் ஐந்து விதை போட்டாள். மூன்று முளைத்தன. மற்ற இரண்டைப் பற்றிக் கேட்டால் விதை சொத்தை என்பாள். தண்ணீர் ஊற்றும்போது வாயைக் கட்டுப்படுத்த ஒரு பழைய முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். ஆவணியில் கொடி பந்தலைத் தொட்டது. இலையில் ஒரு கறுப்புப் புள்ளி என்று படம் போட்டாள். நாற்பது வைத்தியம் வந்தது. விசாரித்துப் பார்த்ததில் புள்ளி இலையில் இல்லை, போன் கண்ணாடியில் இருந்தது. அதற்கும் குப்புராசு வேப்பெண்ணெய்தான் சொன்னான்.

புரட்டாசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. முகக்கவசம் நனைந்துவிட்டது. காயப்போட்டுவிட்டுக் கொடிப் பக்கம் போனாள். மோந்து மட்டும் பார்க்கலாம் என்று நினைத்தாள். மோந்தாள். அடுத்து அவள் சுதாரித்தபோது மூன்று கொடிக்கும் நுனியைக் காணோம்.

ஆட்டுக்கு ஒரு கஷ்டம் உண்டு. செய்த தப்பு வயிற்றோடு போகாது. மதியம் படுத்தால் மறுபடி வாய்க்கு வரும், அசை போட்டுத்தான் தீர வேண்டும். பச்சைநாயகி அன்று மதியம் அழுதுகொண்டே அசை போட்டாள். இரண்டாம் தடவையும் ருசியாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் அழுதாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எல்லாரும் தோட்டத்துப் படம் போட்டாக வேண்டிய நாள். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று படத்தைப் போட்டுவிட்டு ‘மன்னித்துக்கொள்ளுங்கள், நான்தான்’ என்று அடிக்க ஆரம்பித்தாள். குளம்பால் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். ‘மன்னி’ முடிவதற்குள் மயூரநாதன் குறுக்கே வந்துவிட்டார்.

மயூரநாதன் ஒரு மயில். தோட்டக்கலை வீடியோ போடுகிறவர். செடி பாதி, தோகை பாதியாகப் படத்தில் நிற்பார். நாலு நிமிஷக் குரல் செய்தி போட்டார்.

“வணக்கம் உறவுகளே. இந்தப் படத்தை நல்லாப் பாருங்க. அக்கா நுனி கிள்ளியிருக்காங்க. நுனியை எடுத்துட்டா பக்கக்கிளை வெடிக்கும், பூ நாலு மடங்கு பிடிக்கும். நான் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வத்துனதுதான் மிச்சம், ஒருத்தரும் கேக்கல. அக்கா சத்தமில்லாம செஞ்சிட்டாங்க. வெட்டு என்னா சுத்தம். அக்கா, என்ன கருவி?”

பச்சைநாயகி ‘மன்னி’யை அழித்தாள். யோசித்து, பொய் கலக்காமல், எங்கள் வீட்டில் பரம்பரையாக இருப்பது என்று எழுதினாள். எத்தனை பல் என்று அவர் கேட்டார். கீழே எட்டு, மேலே கிடையாது என்று எழுதினாள். இந்த ரகத்தைக் கடையில் பார்த்ததே இல்லையே என்று மயில் வியந்தது. முப்பத்தெட்டு பேர் கைதட்டினார்கள். குப்புராசு மட்டும் கருவியை வேப்பெண்ணெயில் துடைத்து வைக்கச் சொன்னான்.

இரண்டு வாரத்தில் நுனி போன கொடிகளில் நிஜமாகவே பக்கக்கிளை வெடித்தது. ஐப்பசியில் அழைப்புகள் வர ஆரம்பித்தன. எங்க வீட்டுக்கும் ஒரு நடை வந்து கிள்ளிக் கொடுங்கக்கா என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். முதலில் மறுத்தாள். மறுத்தால் சந்தேகம் வருமோ என்று பயந்து குப்புராசு வீட்டுக்குப் போனாள்.

வாழ்நாளில் முதல் தடவையாகத் தோட்டத்துக்குள் வாசல் வழியாகப் போனாள். பாய் விரித்து உட்காரவைத்தார்கள். ஒரு வாளி கழுநீர் கொடுத்து உபசரித்தார்கள். கிள்ளும்போது யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம், செடி கூச்சப்படும் என்றாள். அத்தனை பேரும் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

நுனியோடு நிறுத்திவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். எது நுனி என்பதில்தான் சிக்கல். ஒரு நுனியைத் தின்றால் அதற்குக் கீழே இருப்பது நுனியாகிவிடுகிறது. இப்படியே கடமை தவறாமல் போய்க்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் மண் வந்துவிடுகிறது.

வந்ததற்கெல்லாம் பெயர் வைத்தாள். இலையோடு போனால் நடுக் கிள்ளல். தண்டோடு போனால் ஆழக் கிள்ளல். எருமை ஐயாவின் பூசணிக்கொடி முப்பது அடி நீளம். பச்சைநாயகி போய்விட்டு வந்தபின் அங்கே ஒரு சாண் குச்சி நின்றது. ஐயா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, இப்போதுதான் செடிக்குக் காற்றோட்டம் வந்திருக்கிறது என்று குழுவில் எழுதினார். மயில் தன் வீட்டுப் புடலைக்கு இரண்டு தடவை கிள்ளச் சொன்னது. இரண்டாம் தடவைக்கு அங்கே புடலை இல்லை, பந்தல் கயிற்றைத்தான் கிள்ள வேண்டியிருந்தது.

மார்கழியில் தெய்வானை கூப்பிட்டாள். பன்னிரண்டு கத்தரிச் செடி, மொட்டு விடும் பருவம். லேசா மேல மட்டும் போதும்கா என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பி நின்றாள்.

அன்று சாயங்காலம் குழுவில் இரண்டு படம் வந்தது. ஒன்றில் பன்னிரண்டு செடி. ஒன்றில் பன்னிரண்டு கட்டை. கீழே ஒரே வரி. “அக்கா, இது கிள்ளினதா, மேஞ்சதா?”

பச்சைநாயகி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். முடிந்தது கதை, இனி ‘ச்சூ’தான் என்று நினைத்தாள். ஆனால் எல்லாருடைய வீட்டிலும் அப்போது கட்டைதான் நின்றது. முயல் கேட்டது சரி என்றால், பாய் விரித்து, கழுநீர் கொடுத்து, முதுகைக் காட்டி நின்று ஆட்டை மேயவிட்டோம் என்று நாற்பது பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே உன் மண் சரியில்லை என்றார் மயில். வேப்பெண்ணெய் தெளித்தாயா என்றான் குப்புராசு. ஒரு நிபுணரிடம் பேசும் முறை இதுவல்ல என்று எருமை ஐயா பாதி வாக்கியம் அனுப்பிவிட்டுக் குளத்துக்குப் போனார்.

தை பிறந்தது. முதல் ஞாயிறு ஏரிக்கரையில் பந்தல் போட்டுக் கூடினார்கள். எல்லாரும் வந்தார்கள், காய் மட்டும் வரவில்லை. பச்சைநாயகி ஒருத்தி கூடை நிறைய அவரைக்காயோடு வந்தாள். மூன்று மாதமாக வெளியிலேயே சாப்பாடு நடந்ததில் சொந்தக் கொடியைத் தொட வயிற்றில் இடம் இருக்கவில்லை. அது பாட்டுக்குக் காய்த்துத் தொங்கியது.

இரண்டாவது விதிப்படி மற்ற எல்லாரையும் நீக்க வேண்டும், அட்மின் உட்பட. தலையைத் தொங்கப்போட்டு நின்றவர்களைப் பார்க்கச் சகிக்காமல் பச்சைநாயகி ஆளுக்கொரு காய் கொடுத்தாள். எருமை ஐயா முதலில் வாங்கிக்கொண்டார். குழுவின் விதை, குழுவின் ஆலோசனை, ஆகவே இது குழுவின் காய், யார் கையில் இருந்தாலும் செல்லும் என்று தீர்ப்பும் சொன்னார். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். கடைசிக் காயோடு தெய்வானைக்கு முன்னால் பச்சைநாயகி போய் நின்றாள்.

“வேண்டாங்க்கா,” என்றாள் முயல். “என் தோட்டத்துல காய் இல்ல. ஏன் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்.”

எருமை ஐயா நீக்குவதற்காகப் போனை எடுத்தார்.

முதன்முதலில் அக்கா என்று கூப்பிட்டவள் போகப் போகிறாள். பச்சைநாயகியால் தாங்க முடியவில்லை. தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று துணிந்துவிட்டாள்.

“ஐயா, நில்லுங்க. நான் மேஞ்சேன். இவ தோட்டம் மட்டும் இல்ல, எல்லாத் தோட்டமும். கருவின்னு ஒண்ணும் கிடையாது, என் பல்லுதான். நான் ஆடுங்க.”

நாற்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் கையில் இருந்த அவரைக்காயைப் பார்த்தார்கள். இவள் மேய்ந்த ஆடு என்றால் இவள் கொடுத்த காயும் செல்லாது, அதைக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.

எருமை ஐயா தொண்டையைச் செருமினார். “பாத்தீங்களா. இவ்வளவு பெரிய நிபுணர், தன்னைச் சாதாரண ஆடுன்னு சொல்லிக்கிறாங்க. இந்த அடக்கம் யாருக்கு வரும்?”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. இல்லைங்க, நிஜமாகவே மேய்ந்தேன் என்று அவள் இன்னும் இரண்டு தடவை சொன்னாள். சொல்லச் சொல்ல மரியாதை கூடியது. மயில் அதை வீடியோ எடுத்து ‘நிபுணரின் தன்னடக்கம்’ என்று தலைப்பும் போட்டுவிட்டது. யாரோ ஒரு செண்டுமல்லி மாலையைக் கொண்டுவந்து அவள் கழுத்தில் போட்டார்கள். அந்தச் சந்தடியில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் ‘டிங்’ என்றது. தெய்வானை நீக்கப்பட்டார்.

முயல் சண்டை போடவில்லை. போகிற வழியில் பச்சைநாயகி பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள்.

“நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சுக்கா,” என்றாள். “ஆனா அடுத்த ஆடிக்கு நான் வேலி போடறேன். தப்பா நினைக்காதீங்க.”

தப்பாக நினைக்கவில்லை என்று பச்சைநாயகி தலையாட்டினாள். புல்லுக்குள் முயல் காது மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் காட்டில் அவளை ஆடு என்று தெரிந்தும் அக்கா என்று கூப்பிட ஒருத்தி இருந்தாள், அவளும் போய்விட்டாள். இனி நாற்பது பேர் அக்கா என்பார்கள். கண்ணைத் துடைக்கத் தலை குனிந்தாள். கழுத்தில் கிடந்த செண்டுமல்லி மூக்கில் உரசியது. அழுதபடியே மாலையை ஒரு பக்கத்திலிருந்து தின்ன ஆரம்பித்தாள்.

மயில் வீடியோவை நிறுத்தாமல் பக்கத்தில் வந்து, இது எந்தக் கிள்ளல் என்று பயபக்தியோடு கேட்டது. நாற்பது பேரும் எழுதிக்கொள்ளத் தயாராக நின்றார்கள்.

நீதி: தின்றுவிட்டு ஓடினால் ஆடு, தின்றுவிட்டு நின்று விளக்கம் சொன்னால் நிபுணர். பசி உள்ளவர்கள் ஓடப் பழகாமல், விளக்கம் சொல்லப் பழகவும். உண்மை சொல்ல ஆசைப்படுகிறவர்கள் மாலை விழுவதற்கு முன்பே சொல்லிவிடவும்.