பொக்லைனில் எழுந்தருளிய நாள்

நாட்காட்டியைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும், அவர் அதை ஒரே ஒரு மனிதரின் பொருட்டே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. அந்த மனிதர் செகந்திராபாதை ஒட்டிய மெட்டுகுடாவில், எங்கள் அடுக்ககத்தின் பி பிளாக்கில் வசிப்பவர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை. தெலுங்குக்காரர்கள் அவரை ‘ஈரோஜு காரு’ என்றார்கள். தமிழில் சொன்னால் ‘இன்றைக்கு ஐயா’. அதுவே நிலைத்துவிட்டது.

திருநெல்வேலிக்காரர், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எந்தத் தேதியில் எந்தப் பெரியவர் பிறந்தார், எந்தக் கப்பல் கவிழ்ந்தது, எந்த மலையில் யார் முதலில் ஏறினார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கிய எவரும், “இதே நாள்ல…” என்ற அவரது குரலைக் கேட்காமல் வீடு திரும்பியதில்லை. லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு அவர் ஒரு மன்னரின் பட்டாபிஷேகத்தை நடத்தி முடிக்கும் வரை, எல்லா மாடிகளும் காத்திருந்ததுண்டு. நான் கல்லூரியில் வரலாறு பயின்றவன். எளிதில் வியப்பவன் அல்லன். அவரிடம் வியந்தேன்.

போவன்பள்ளி காய்கறிச் சந்தைக்கு ஒருமுறை அவருடன் செல்ல நேர்ந்தது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இருந்த வியாபாரி அவரைக் கண்டதும் விலை சொல்லவில்லை. “க்யா சாப், ஆஜ் கோன் பைதா ஹுவா?” என்றார். இன்று பிறந்தவர் யார் என்பது கேள்வி. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தவரின் பிறப்பை, தக்கனி உருதுவில் தொடங்கி நெல்லைத் தமிழுக்குத் தாவி, தம் விலா எலும்புகளையே தொட்டுக் காட்டி இவர் விளக்கினார். சுமை தூக்குபவர்கள் மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டனர். முடிவில் இவர் பணத்தை நீட்டியபோது வியாபாரி நெகிழ்ந்துபோய், “நக்கோ சாப், நக்கோ” என்று கொத்தமல்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். தக்காளிக்கு முழு விலையையும் வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுவதே முறை.

இன்னொரு நாள், தலைக்கவசம் இல்லாமல் ஸ்கூட்டரில் போன இவரைப் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். அன்று பிறந்த ஒரு விமானியின் வீர வரலாறு முழுவதையும் அந்தக் காவலர் நடுச்சாலையில் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, அபராதத்தையும் விதித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரேப்பு ஏன்ட்டி சார்?” என்று நாளைய விவரத்தை முன்கூட்டியே விசாரித்தார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவரை நினைவாற்றல் மிக்கவர் என்று பாராட்டிவிட்டு நான் ஒதுங்கியிருப்பேன். ஆனால் அவர், உலக வரலாற்றுக்கும் எங்கள் அடுக்ககத்துக்கும் நடுவே சுவர் எழுப்பாதவர்.

“இதே நாள்லதான் மனுசன் நிலாவுல காலு வச்சான்” என்று ஒரு நாள் காலையில் வாசலில் நின்று அறிவித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, அதே குரலில் தொடர்ந்தார்: “இதே நாள்லதான் நம்ம ரெண்டாம் மாடி சுலோசனாம்மா, முழங்கால் ஆபரேசனுக்குப் பொறவு, மொத மொதலா மாடிப்படியில காலு வச்சாவ.”

பால் பாக்கெட்டுடன் நின்ற சுலோசனாம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று மாலை அவர் வீட்டில் அனைவருக்கும் கேசரி.

இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. அவர் தேதியைப் பார்ப்பாரே தவிர, தேதிக்கு உரியவரின் கௌரவத்தைப் பார்ப்பதில்லை. புதிதாகக் குடிவந்த வங்கி மேலாளர் ஒருவர், பிளாக் மாறி வேறொரு வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் காபி கேட்ட சம்பவம், ஒரு நாட்டின் விடுதலை நாளோடு சேர்த்து ஆண்டுதோறும் நினைவுகூரப்பட்டது. மேலாளர் அந்தத் தேதியில் தவறாமல் விடுப்பு எடுத்து வெளியூர் போய்விடுவார்.

எனக்கும் அப்படியொரு தேதி உண்டு. அடுக்ககச் சங்கத்தின் தலைவராக நான் இருந்தபோது பெருமழை பெய்தது. ஹைதராபாதில் ‘செல்லார்’ என்று வழங்கும் அடித்தள வாகன நிறுத்தம் நிரம்பி, வாசலில் மார்பளவு நீர் நின்றது. தமிழ் விழா ஒன்றுக்குத் தலைமை தாங்கப் பட்டுவேட்டியும் பொன்னாடையுமாகப் புறப்பட்டிருந்த என்னை, மண் அள்ளும் பொக்லைனின் கொப்பரையில் நிற்கவைத்து வெளியேற்றினார்கள். அந்தப் படம் மறுநாள் தெலுங்குப் பத்திரிகையில் வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

விரும்பாவிட்டாலும் எழுதவேண்டியிருக்கிறது. ஏனெனில், என் மகள் நித்யாவின் வாழ்வு அந்தத் தேதியில் வந்து நின்றது. மாதாப்பூரில் தன்னுடன் பணிபுரியும் அருணை மணக்க விரும்பினாள். சாதி வேறு. அருணின் தந்தை சென்னையில் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவர். ‘பார்க்க வருகிறேன், சம்மதம் என்று பொருளல்ல’ என்று சொல்லியனுப்பியிருந்தார். அவர் தேர்ந்தெடுத்த நாள், என் பொக்லைன் நாள்.

முந்தின மாலை ஈரோஜு காருவைச் சந்தித்து, “நாளைக்கு எங்க வீட்டுக்கு முக்கியமானவங்க வர்றாங்க” என்றேன். தாங்கள் வரவேண்டாம் என்பதை நாகரிகமாக உணர்த்தும் முறை அது. நாகரிகம் சற்று மிகுந்துவிட்டது.

“அதுக்கென்ன அண்ணாச்சி, வந்துருதேன்!” என்றார்.

மறுநாள் நான் கதவைத் திறந்தபோது, அருணுக்கும் அவன் பெற்றோருக்கும் வழிகாட்டியாக முன்னால் நின்றார். லிஃப்டிலேயே மூவரும் அவரிடம் அகப்பட்டிருந்தனர்.

காபி வந்தது. முதல்வர் ஒரு வாய் அருந்திவிட்டுக் கோப்பையை வைத்தார். நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். அவர் “ம்” என்றார். ரயில் பயணம் பற்றிக் கேட்டேன். அதற்கும் “ம்.” நித்யா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்வர் கைக்கடிகாரத்தைத் திருப்பினார்.

“அப்போ நாங்க கிளம்பறோம்.”

“இருங்க சார்” என்றார் ஈரோஜு காரு. “இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியாமப் போவப்பிடாதுல்லா?”

ஒரு பாலத்தைச் சொன்னார். ஒரு விஞ்ஞானியின் பிறந்தநாளைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, பெருமை பொங்கச் சொன்னார்: “இதே நாள்லதான் நம்ம அண்ணாச்சி பொக்லைன்ல எழுந்தருளினாவ!”

“பொக்லைன்னா… மண்ணு தோண்டுற வண்டியா?” என்றார் முதல்வர்.

“அதேதான் சார். பட்டுவேட்டி, பொன்னாடை, கையில விரிச்ச கொடை. ரோட்டுல நின்ன சனமெல்லாம் கும்பிட்டாவ. அண்ணாச்சியும் கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுனாவ.”

“நான் ஆசீர்வாதம் பண்ணலை” என்றேன். “கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.”

யாரும் சிரிக்கவில்லை. நித்யா கண்களை மூடிக்கொண்டாள். முதல்வரின் மனைவி மெல்லச் சொன்னார்: “ஏங்க, நீங்களும் சொல்லிடுங்களேன்.”

“நீ சும்மா இரு.”

“சென்னையில வெள்ளம் வந்தப்போ இவரைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்து பிரியாணி அண்டாவுல உட்கார வச்சுத்தான் இழுத்துட்டுப் போனாங்க.”

முதல்வர் கூரையை நோக்கினார். அவருடைய வேதனை எனக்கு அந்நியமானதல்ல.

“மட்டன் பிரியாணி அண்டா” என்றார் கடைசியில், தீர்ப்பு வாசிப்பவரைப் போல. “நான் சுத்த சைவம். எடுத்துச் சொன்னேன். ஒருத்தரும் கேட்கலை.”

முதலில் சிரித்தவன் நானா, அவரா என்பது இன்றுவரை இரு குடும்பங்களுக்கும் இடையே தீராத வழக்கு. ஒன்று மட்டும் உறுதி: ஈரோஜு காரு சிரிக்கவில்லை. கோயில் நடை திறந்ததைக் கண்டவர்போல எழுந்து நின்றார்.

“சார்,” என்றார், “அது என்ன தேதி?”

முதல்வர் தேதியைச் சொன்னார். இவர் கண்களை மூடி, அதைத் தலைக்குள் அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு, கண்களைத் திறந்தார். “அந்த நாள்ல இம்புட்டுப் பெரிசா இதுவரைக்கும் ஒண்ணும் கெடையாது சார்.”

முதல்வர் அன்று மாலை சென்னை ரயிலைப் பிடிக்கவில்லை. இரவு உணவுக்கும் இருந்தார். புறப்படும்போது, “பொண்ணை எப்போ அனுப்புறீங்க?” என்று கேட்டார்.

திருமணம் செகந்திராபாதிலேயே நடந்தது. முகூர்த்த நேரத்தில் ஈரோஜு காருவை மேடையில் என் அருகில் நிறுத்திக்கொண்டேன். அடுக்ககம் முழுவதும் கீழே அமர்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. “ஏமண்டி, ஈரோஜு ஏன்ட்டி?” என்று, இன்றைக்கு என்ன நாள் எனக் கேட்டு, முன்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தும் பார்த்தார். கெட்டிமேளம் முழங்கியது. கண்ணில் நீர் திரள்வதை மறைக்க நான் ஏதாவது பேசவேண்டியிருந்தது.

“இன்னைக்கு என்ன நாள்?” என்று அவரிடம் கேட்டேன். நானாக அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மணமக்களை விட்டுக் கண்ணை எடுக்காமல், என் கையை மட்டும் இறுகப் பற்றினார்.

“பொறுங்க அண்ணாச்சி. இப்பதானே நடக்கு.”

என் மகளின் கழுத்தில் தாலி ஏறிய கணத்தை நான் புகைப்படத்தில்தான் கண்டேன். அப்போது நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.