பன்றித்தோல் மழித்த படலம்

இருபத்திரண்டு ஆண்டுகளாய் எண்ணிலாத் தாடைகளை மழித்தும் ஒரு துளிக் குருதி சிந்தாத கத்திக்கு உரியவனே, சுழல்நாற்காலிச் சிங்காதனத்தின் காவலனே, சலூன்கார வேந்தே, வாழி! உன் அடுக்களைப் போரைப் பாடப் புகும் எம் நாவுக்கு, வெந்நீர் கொதிக்கும் அண்டாவே, நீயே ஆவி தந்து அருள்வாயாக!

போருக்குக் காரணம் சிறிது, கால் அங்குலம். தோலும் கொழுப்பும் தசையுமாய் மூவடுக்கு மாளிகைபோல் மினுங்கிய பன்றிக்கறித் துண்டொன்றைச் சென்ற வாரம் வாயிலிட்ட வேந்தரின் மனைவி, பல்லிடுக்கிலிருந்து கருமுடி ஒன்றை இழுத்தெடுத்து விளக்கொளியில் ஏந்தினாள்.

"ஊரு முடியெல்லாம் வழிக்கிறீங்க, வீட்டுக் கறியில கோட்டை விட்டுட்டீங்களே! இன்னொரு தடவை ஒரே ஒரு முடி மாட்டுச்சு, அப்புறம் இந்த வீட்டுல தோலில்லாத கறிதான். சொல்லிட்டேன்."

தோலில்லாத கறி! மெல்ல மெல்ல நழுவும் அந்தப் பொன்னிறத் தோலை நினைத்தே வாரம் ஆறு நாள் கால்கடுக்க நிற்பவர் அவர். ஆகவே விடுமுறை நாள் காலையில், கடையின் கைப்பெட்டியை அப்படியே அடுக்களைப் பாசறைக்குப் பெயர்த்தார். புது பிளேடு பூட்டிய கத்தி, இடுக்கி, மழித்தபின் கன்னத்தில் தடவும் நீலநிற லோஷன் பாட்டில், எதற்கென்று அவருக்கே தெரியாத ஒரு சீப்பு.

வெட்டுப்பலகை மேல் இரண்டு கிலோ எதிரி மல்லாந்து கிடந்தான். அடுப்புத் தீயில் வாட்டினார். முடிகளோ தலையைக் கொடுத்துவிட்டுத் தோலுக்குள் வேராய்ப் பதுங்கின. வெந்நீர்த் துணியால் ஒத்தடமிட்டுப் பதுங்கியவற்றை வெளியே வரவழைத்து, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாய், கதிர் முற்றிய வயலில் புகுந்த யானைப்படைபோல் அவர் கத்தி புகுந்து புறப்பட, வியர்வை மூக்குநுனியில் முத்தாய்த் திரள, உதடுகள் தம்மையறியாமல் மொழிந்தன: "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்குங்க சார்."

"அம்மா, அப்பா கறிகிட்டப் பேசுறாரு!" என்றாள் மகள்.

"பேசட்டும்டி. கறியாவது எதிர்த்துப் பேசாம கேக்குது."

எஞ்சியவன் ஒருவன். மடிப்பொன்றின் இருட்குகையில், குலம் முழுதும் மாண்டபின்னும் கொடி இறக்காத குறுநில மன்னன்போல் விறைத்து நின்றான். இடுக்கி மும்முறை பாய்ந்தது, மும்முறையும் வழுக்கியது. நான்காம் பாய்ச்சலில் அவன் வேரோடு வீழ்ந்தான்.

"இங்க வா! தடவிப் பாரு! ஒண்ணு இருந்தா நான் கடையை மூடிடறேன்!"

வந்தாள். தடவினாள். அவள் ஆணவம் கரைந்தது.

"ஐயோ, நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட உங்க கன்னம் இவ்வளவு வழவழன்னு இல்லைங்க."

அந்த ஒரு சொல்லில் அவர் மார்பு அகன்று அலமாரியை இடித்தது. வெற்றிக்களிப்பில் மெய்ம்மறந்த வேந்தரின் கைகள், இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தின் ஆணைக்குப் பணிந்து, நீலக் குப்பியைத் திறந்து, உள்ளங்கையில் வார்த்து, பரபரவெனத் தேய்த்து, மழித்த தோலின் இருபுறமும் 'சளார் சளார்' என்று அறைய, வாயோ "முடிஞ்சுது சார்" என்று அருளியது.

மல்லிகையும் சாராயமும் மணக்கும் பெரும்புயலொன்று அடுக்களையைச் சூழ்ந்தது. மூவரும் பலகையையே பார்த்து நின்றார்கள்.

தோலை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மீதிக் கறியைக் குழம்பு வைத்தார்கள்.